விடையிலிருந்து பின்னோக்கி: மிரட்டும் சமன்பாடுகளை அமைக்கும் முறை

சிங்கப்பூர்த் தேசிய தினத்திற்கு முந்தைய சனிக்கிழமையன்று, நான் தொண்டூழியராகப் பாடம் நடத்தும் சமூக மன்றத் துணைப்பாட வகுப்பில், உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவர்களுக்காக வெண்பலகையில் இந்தச் சமன்பாட்டை எழுதினேன்.

(க − 1960)/5 + (க − 1955)/10 + (க − 1950)/15 + (க − 1945)/20 = 4

மாணவர்கள் உடனே பகுதி எண்களின் மீச்சிறு பொது மடங்கு 60 என்று கண்டு, ஒவ்வோர் உறுப்பையும் பெருக்கி, அடைப்புக்குறிகளை விரித்து, ஒரு பக்கம் முழுவதும் நிரப்பி, 25க = 49125 என்ற வரிக்கு வந்து சேர்ந்தார்கள். வகுத்துப் பார்த்தபோது கிடைத்தது 1965, அதாவது சிங்கப்பூர் தனி நாடான ஆண்டு. அதன்பின் நான் வலப்பக்கத்து நான்கை நான்கு ஒன்றுகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் ஓர் ஒன்றைக் கழித்துக் காட்டினேன். முதல் உறுப்பு (க − 1965)/5 என்றும், இரண்டாவது (க − 1965)/10 என்றும் மாற, எல்லாத் தொகுதிகளிலும் ஒரே கோவை வந்து நின்றது. பேனா எடுக்காமலேயே விடை தெரிந்துவிட்டது. பின்வரிசையிலிருந்த ஒரு மாணவர், "சார், இந்தக் கணக்கை எங்கே கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். நான் அதை எங்கும் கண்டுபிடிக்கவில்லை. விடையை முதலில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கணக்கைக் கட்டினேன். அப்படிக் கட்டுவதை இதுவரை முயன்று பார்க்காத பெற்றோர், துணைப்பாட ஆசிரியர், மூத்த மாணவர் ஆகியோருக்காக அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

குறியீடு பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெரியாத எண்ணை இக்கட்டுரையில் 'க' என்றும், இரண்டாவது ஒன்று தேவைப்படும்போது 'ச' என்றும் எழுதுகிறேன். பள்ளியில் 'எக்ஸ்', 'ஒய்' என்று பழகியவர்கள் அவ்வாறே மாற்றி எழுதிக்கொள்ளலாம். '^' என்ற குறிக்குப் பின் வருவது அடுக்கு.

முதல் படி: மறுக்க முடியாத ஓர் உண்மையை எழுதுங்கள்

மேற்கண்ட சமன்பாட்டின் வித்து 1 + 1 + 1 + 1 = 4 என்பதுதான். அடுத்து, ஒன்றுகளை 5/5, 10/10, 15/15, 20/20 என்று எழுதினேன். பிறகு, விடை 1965 ஆக இருக்க வேண்டும் என்பதால், தொகுதியிலுள்ள 5-ஐ 1965 − 1960 என்றும், 10-ஐ 1965 − 1955 என்றும் பிரித்தேன். கடைசியாக, 1965 வந்த இடங்களிலெல்லாம் 'க' என்று எழுதினேன். இந்த வரிசையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்: உண்மை, உருமாற்றம், மறைப்பு. பின்னால் வரும் கடினமான அமைப்புகளும் இதே வரிசையில்தான் பிறக்கின்றன.

உங்கள் பிள்ளை 2012-இல் பிறந்தவர் என்றால், (க − 2010)/2 + (க − 2009)/3 + (க − 2006)/6 = 3 என்று ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால், அழகுக்காகக் கூட்டல் குறிகளைக் கழித்தல் குறிகளாக மாற்றும்போது கவனம் தேவை. இதே உறுப்புகளை (க − 2010)/2 − (க − 2009)/3 − (க − 2006)/6 = −1 என்று அமைத்தால், 1/2 − 1/3 − 1/6 என்பது பூச்சியம் ஆகிவிடுவதால், 'க' முழுவதுமாக மறைந்து, உலகிலுள்ள எந்த எண்ணைப் போட்டாலும் சமன்பாடு பொருந்திவிடும். 2012 சரியான விடையே. ஆனால் 7-உம் சரியான விடை, 1819-உம் சரியான விடை. பகுதிகளின் தலைகீழ் எண்களைக் குறிகளோடு கூட்டிப் பார்த்து, பூச்சியம் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அட்டையில் எழுதுங்கள்.

இரண்டு மாறிகள், ஒரே ஒரு சமன்பாடு

இரண்டு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்க இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்று மாணவர்கள் நம்பியிருப்பார்கள். அந்த நம்பிக்கையை அசைக்கும் கணக்கு அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். இதற்கு அடிப்படையான உண்மை மிக எளியது: மெய்யெண்ணின் வர்க்கம் எதுவும் பூச்சியத்துக்குக் கீழே போகாது, ஆகவே இரண்டு வர்க்கங்களைக் கூட்டிப் பூச்சியம் வந்தால், இரண்டுமே பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். விடையாக க = 3, ச = 2 என்று தேர்ந்துகொள்வோம். (க − 3)² + (க + ச − 5)² = 0 என்று எழுதி, பொறுமையாக விரித்தால் கிடைப்பது இது.

2க² + 2கச + ச² − 16க − 10ச + 34 = 0

இரண்டாவது அடைப்புக்குறிக்குள் வேண்டுமென்றே இரண்டு மாறிகளையும் சேர்த்தேன். (ச − 2)² என்று மட்டும் வைத்திருந்தால், விரித்த பிறகும் வர்க்கங்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். 'கச' என்ற கலப்பு உறுப்பு நுழைந்ததும் சமன்பாடு தன் முகத்தை நன்றாக மூடிக்கொள்கிறது. விரிக்கும்போது ஓர் எண் பிசகினாலும் விடையே இல்லாத சமன்பாடாகிவிடக்கூடும் என்பதால், விரித்த வடிவத்தில் 3, 2 ஆகியவற்றை மீண்டும் இட்டுப் பாருங்கள்: 18 + 12 + 4 − 48 − 20 + 34 = 0. சரியாக இருக்கிறது.

வர்க்கமூலங்களுக்குள் முழு எண்களை ஒளித்தல்

கூடுதல் கணிதம் எடுக்கும் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்கள் 'சர்ட்' என்று சொல்லும் மூலக் கோவைகளில்தான் இந்தக் கலையின் உண்மையான வளம் இருக்கிறது என்பது என் கருத்து. ஏனென்றால், மூலக்குறி பார்த்த மாத்திரத்தில் பயமுறுத்துகிறது. அதே சமயம் அதை அவிழ்க்கும் வழி மிகத் தூய்மையானது. 3 + √2 என்ற எண்ணை எடுத்து வர்க்கப்படுத்துங்கள். 9 + 2 + 6√2, அதாவது 11 + 6√2 வரும். 3 − √2-ஐ வர்க்கப்படுத்தினால் 11 − 6√2 வரும். எனவே,

√(11 + 6√2) + √(11 − 6√2) = 6

கால்குலேட்டரில் தட்டினால் 6 வரும். ஏன் வருகிறது என்பதை அது சொல்லாது. அந்த 'ஏன்' மாணவர்களை உறுத்தத் தொடங்குவதை அவர்கள் முகத்திலேயே பார்க்கலாம்.

இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் ஒரு பள்ளம் உண்டு. 3 + √2-க்குப் பதிலாக 1 + √2-ஐ எடுத்தால், வர்க்கங்கள் 3 + 2√2, 3 − 2√2 என்று வரும். முன்பு 3-இன் இரட்டிப்பு 6 வந்ததுபோல, இப்போது மூலங்களின் கூட்டுத்தொகை 2 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 1 − √2 குறையெண். வர்க்கமூலக் குறியோ நிறையெண்ணையே தரும். ஆகவே √(3 − 2√2) என்பது √2 − 1 ஆகும். கூட்டுத்தொகை 2 அல்ல, 2√2. முழு எண் விடை வேண்டுமென்றால், மூலத்துக்கு வெளியே நிற்கும் எண் மூலத்தைவிடப் பெரியதாக இருக்கட்டும்.

இப்போது இதை அடுக்குச் சமன்பாடாக உயர்த்தலாம். 2-ஐ எடுத்து வர்க்கப்படுத்தி ஒன்றைக் கழித்தால் 3. அதனால் 2 + √3, 2 − √3 ஆகிய இரண்டையும் பெருக்கினால் 4 − 3 = 1. பெருக்கல் பலன் ஒன்றாக இருப்பதால், இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ் எண்கள். இவ்விரண்டின் கூட்டுத்தொகை 4, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 14, கனங்களின் கூட்டுத்தொகை 52. இவற்றில் உங்களுக்குப் பிடித்ததை வலப்பக்கத்தில் வையுங்கள்.

(2 + √3)^க + (2 − √3)^க = 14

விடை 2. ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. −2-உம் விடை, ஏனென்றால் அடுக்கின் குறி மாறும்போது இரண்டு உறுப்புகளும் இடம் மாறிக்கொள்கின்றனவே தவிர, கூட்டுத்தொகை மாறுவதில்லை. தீர்ப்பவர் முதல் உறுப்பை ஒரு புது மாறியாக எடுத்துக்கொண்டால், மற்றது அதன் தலைகீழாகி, சாதாரண இருபடிச் சமன்பாடு கிடைத்துவிடும். 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணோடும் இதைச் செய்யலாம்: 3 எடுத்தால் √8, 5 எடுத்தால் √24, 8 எடுத்தால் √63. இவற்றை 2√2, 2√6, 3√7 என்று சுருக்கி எழுதினால், எண்கள் எங்கிருந்து வந்தன என்பது இன்னும் சற்று மறையும்.

மூலக் கோவைகளைப் பற்றிப் பேசும்போது ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனைச் சொல்லாமல் கடந்து செல்ல எனக்கு மனம் வராது. 1911-இல் அவர் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவின்றி உள்ளே உள்ளே செல்லும் மூலத்தின் மதிப்பு என்ன என்று வாசகர்களைக் கேட்டார். பல மாதங்கள் கடந்தும் எவரும் விடை அனுப்பாததால், அவரே அதை வெளியிட்டார். விடை 3. அந்தக் கணக்கு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், நாம் இதுவரை செய்துவந்த அதே பின்னோக்கிய நடை தெரியும். எந்த எண்ணின் வர்க்கமும், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கி ஒன்றைக் கூட்டியதற்குச் சமம். எனவே 3 = √(1 + 2×4); அந்த 4-ஐ √(1 + 3×5) என்று எழுதலாம்; அந்த 5-ஐ √(1 + 4×6) என்று எழுதலாம்; இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். முடிவில்லாமல் தொடரும்போது அந்த மதிப்பு உண்மையிலேயே 3-ஐ நெருங்குகிறது என்பதற்குத் தனி நிரூபணம் தேவை. ஆகவே சிறுவர்களுக்குக் கொடுக்கும்போது இரண்டு மூன்று அடுக்குகளில் நிறுத்தி, உள்ளே ஒரு மாறியை வைத்துவிடுங்கள்.

√(1 + 2√(1 + 3√(1 + 4க))) = 3

இருபுறமும் வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்து, வகுத்துக்கொண்டே போனால், 9, 16, 25 என்ற வர்க்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்; கடைசியில் க = 6. மூலம் என்றால் என்ன என்று தெரிந்த உயர்நிலை ஒன்று மாணவரும் இதைச் செய்துவிடுவார். என் வகுப்பில் 16 வந்ததுமே அடுத்தது 25 என்று ஊகித்துத் துள்ளிக் குதித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தடுத்து அழியும் பின்னங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1/(க(க+1)) என்பது 1/க − 1/(க+1) என்பதற்குச் சமம் என்பதால், 1/(க(க+1)) + 1/((க+1)(க+2)) + … + 1/((க+9)(க+10)) = 5/12 என்ற பத்து உறுப்புச் சமன்பாட்டில் நடுவிலுள்ள அனைத்தும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, 1/க − 1/(க+10) மட்டும் மிஞ்சும். அங்கிருந்து க(க+10) = 24; விடைகள் 2, −12. கட்டும்போது 2-ஐ முதலில் தேர்ந்து, 1/2 − 1/12-ஐக் கணக்கிட்டு வலப்பக்கத்தில் வைத்தேன். −12 தானாக வந்தது. அப்படி வரும் விடை எந்தப் பகுதியையும் பூச்சியமாக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை, அடுத்தடுத்த எண்களின் பெருக்கலில் பிறப்பது. 2×3×4×5 = 120 என்பதிலிருந்து (க+1)(க+2)(க+3)(க+4) = 120 என்று எழுதலாம். முதலாவதையும் நான்காவதையும் சேர்த்துப் பெருக்கினால் க² + 5க + 4. நடுவிலுள்ள இரண்டையும் பெருக்கினால் க² + 5க + 6. இரண்டிலும் க² + 5க பொதுவாக இருப்பதைக் கண்டுகொண்டவருக்கு இது நான்காம்படிச் சமன்பாடு அல்ல, இருபடிதான். மெய்யெண் விடைகள் 1, −6.

அழையா விருந்தாளிகளைத் தேடுதல்

விடையை முதலில் வைத்துக்கொண்டு கட்டுவதிலுள்ள ஆபத்து, நாம் வைத்த விடை மட்டுமே இருக்கிறது என்று நம்பிவிடுவது. சில ஆண்டுகளுக்கு முன் நான் இந்தத் தவறைச் செய்தேன். எந்த எண்ணின் பூச்சிய அடுக்கும், அந்த எண் பூச்சியமாக இல்லாதவரை, ஒன்றுதான் என்பதை வைத்து, 5, 6 ஆகிய விடைகளுக்காக (க − 5)(க − 6) என்பதை விரித்து அடுக்கில் வைத்தேன். அடிமானத்தில், அதாவது அடுக்கு ஏறும் இடத்தில், ஏதாவது ஓர் இருபடிக் கோவை இருந்தால் போதும் என்று எண்ணி, இப்படி எழுதினேன்.

(க² − 3க + 1)^(க² − 11க + 30) = 1

5, 6 என்று விடைகளைப் பலகையில் எழுதி முடித்தபோது, உயர்நிலை நான்கில் படித்த ஒரு மாணவி எழுந்து, பூச்சியத்தை இட்டால் அடிமானம் 1 ஆகிறதே, ஒன்றை முப்பது முறை பெருக்கினாலும் ஒன்றுதானே என்றார். 3-க்கும் அப்படியே. பிறகு அவரே தயங்கித் தயங்கி, 1-ஐயும் 2-ஐயும் இட்டால் அடிமானம் −1 ஆகிறது, அடுக்குகளோ 20, 12 என்ற இரட்டைப்படை எண்கள், எனவே அவையும் விடைகள் என்று காட்டினார். நான் இரண்டு விடைகள் என்று சொன்ன கணக்குக்கு 0, 1, 2, 3, 5, 6 என்று ஆறு விடைகள் இருந்தன. அந்தச் சமன்பாட்டை இன்றும் வகுப்பில் பயன்படுத்துகிறேன், ஆனால் ஆறு விடைகளோடு; அவர் கண்டுபிடித்த விடைகளால் அது நான் கட்டியதைவிட நல்ல கணக்காகிவிட்டது.

அன்றிலிருந்து எந்தச் சமன்பாட்டையும் வெளியே கொடுப்பதற்கு முன் ஓர் இரவு ஒதுக்கி வைத்துவிட்டு, மறுநாள் விடை தெரியாதவர்போல முதல் வரியிலிருந்து தீர்த்துப் பார்க்கிறேன். அப்போது இருபுறமும் வர்க்கப்படுத்தும் இடங்களில் பொய்யான விடைகளும் பிறக்கும். √(க + 7) = க + 1 என்பதை வர்க்கப்படுத்தினால் 2, −3 என்று இரண்டு வரும்; −3-ஐ முதலில் இருந்த சமன்பாட்டில் இட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. ஆகவே அது விடையன்று. இத்தகைய பொய் விடை இருக்கும் கணக்கைக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அது இருப்பது அமைத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுபோல, விடை முழு எண்ணா, மெய்யெண்ணா, எல்லா விடைகளையும் காண வேண்டுமா என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள்.

எவற்றைக் கொடுக்கக்கூடாது

2019-இல் பரவலாகச் சுற்றிய 8 ÷ 2(2 + 2) போன்றவற்றை நான் புதிர் என்றே கருதுவதில்லை. ஒருவர் 16 என்பார், மற்றொருவர் 1 என்பார். சண்டை கணிதத்தைப் பற்றியதன்று, அடைப்புக்குறி போடாமல் எழுதியவரின் அரைகுறை எழுத்தைப் பற்றியது. நேர்மையான சமன்பாட்டின் தோற்றம் சிக்கலாக இருக்கலாம், பொருளில் ஐயம் இருக்கக்கூடாது. 2015-இல் சிங்கப்பூரிலிருந்து உலகம் முழுவதும் சென்ற செரிலின் பிறந்தநாள் புதிரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். உயர்நிலை மாணவர்களின் போட்டி ஒன்றில் வந்த அந்தக் கணக்கில் பத்துத் தேதிகளும் மூன்று கூற்றுகளும்தான் இருந்தன. அத்தனை பேர் குழம்பியபோதும், கூற்றுகளை வரிசையாகப் பின்பற்றியவர்கள் எல்லோரும் ஜூலை 16 என்ற ஒரே நாளுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு நேரெதிரான எச்சரிக்கையும் ஒன்று உண்டு. ஆப்பிள், வாழைப்பழம், அன்னாசிப் படங்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, மூன்றையும் கூட்டினால் 4 வரும், நிறை முழு எண்களைக் கண்டுபிடியுங்கள் என்று ஒரு படம் உலவுகிறது. பார்க்கத் தொடக்கப்பள்ளிக் கணக்குபோல் இருக்கும். ஆனால் அதற்கான மிகச் சிறிய விடையிலுள்ள எண்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 இலக்கங்கள் கொண்டவை. அவற்றைக் காண நீள்வட்ட வளைகோடுகள் என்ற உயர்கணிதம் தேவை. எளிய முகமும் கொடிய உள்ளும் கொண்ட அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்கள் நேரம் வீணாவதோடு, தம்மால் முடியாது என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்ளும். நாம் கட்ட விரும்புவது அதன் மறுபக்கம். ஆகவே, நீங்களே தீர்த்துப் பார்க்காத எதையும் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக அனுப்பிவிடாதீர்கள்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் அமைப்பின் ஒரு பகுதியே. தொடக்கநிலை ஐந்து, ஆறில் இருப்பவர்கள் கட்டங்கள் வரைந்து கணக்குப் போடப் பழகியவர்கள். அவர்களுக்கு மூலக்குறி வேண்டாம், பின்ன வடிவிலான ஆண்டுக் கணக்கே போதும், அதிலும் இரண்டு உறுப்புகள் போதும். உயர்நிலை நான்கு மாணவருக்கு ஒரே ஒரு மறைப்பு சலிப்பூட்டும். மூலத்தையும் அடுக்கையும் சேர்க்கலாம். ஆனால் எந்த நிலையிலும் திறவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும். மூன்று வெவ்வேறு உத்திகளை ஒரே வரியில் திணித்த சமன்பாடுகளை நானும் தொடக்கத்தில் அமைத்தேன். அவற்றைத் தீர்த்து முடித்த மாணவர்களிடம் களைப்பைத்தான் பார்த்தேன், வியப்பைப் பார்க்கவில்லை.

கொடுத்த பிறகு, தீர்ப்பவரின் பென்சிலைக் கவனியுங்கள். நேராக விரிக்கத் தொடங்கினால் தடுக்க வேண்டாம். நீண்ட வழியை நடந்தவருக்குத்தான் குறுக்கு வழியின் அருமை தெரியும். பத்து நிமிடமாகப் பென்சில் அசையவில்லை என்றால், விடையைச் சொல்லாமல், எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்: இந்த இரண்டையும் பெருக்கிப் பார்த்தாயா, வலப்பக்கத்து நான்கைப் பிரிக்க முடியுமா என்று. தீர்த்து முடித்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்து, அதே மாதிரியில் ஒன்றை உங்களுக்காக அமைத்துத் தரச் சொல்லுங்கள். தேசிய தின வாரத்தில் என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவர், அடுத்த சனிக்கிழமை தம் பாட்டியின் பிறந்த ஆண்டை ஐந்து பின்னங்களுக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். ஒரு பகுதி எண்ணில் பிழை இருந்தது. இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்தினோம்.